கடைசி இடத்துக்குக் கடும் போட்டி

உலகத்தில் இதுவரை நடந்த சண்டைகளெல்லாம் யார் முதலில் என்பதற்காக நடந்தவை. யார் கடைசி என்பதற்காக மூண்டு, தீர்வே காணாமல், எல்லாத் தரப்பும் பெருமையோடு கலைந்துபோன ஒரே போர் என்ற சிறப்பு, பிளாஸ்டிக் நாற்காலி தயாரிக்கும் ஒரு கம்பெனியின் சைக்கிள் அணியைத்தான் சேரும். இந்த உண்மை இன்னும் பாடப் புத்தகத்தில் ஏறவில்லை. ஏறும்வரை நாமாவது மரியாதையோடு சொல்லி வைப்போம்.

அந்தக் கம்பெனியின் நிர்வாக இயக்குநரை எம்.டி. என்பார்கள். அவர் ஒரு நட்சத்திர ஓட்டலில் தங்கி 'பணிவுத் தலைமை' என்ற பயிற்சியை முடித்துவிட்டு வந்தவர். பணிவில் முதல் வகுப்பில் தேறியதற்கான சான்றிதழுக்குத் தங்க முலாம் பூசிய சட்டம் போட்டு, தன் அறை வாசலில், உள்ளே வருகிறவர்கள் தலையில் இடிக்கும்படி மாட்டினார். இடிபடாமல் இருக்க எல்லோரும் குனிந்து போனார்கள். பயிற்சியின் பலன் இவ்வளவு சீக்கிரம் தெரியும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

அன்று மாலையே ஊழியர்களைக் கூட்டி அறிவித்தார். "உண்மையான தலைவன் யாரு? கடைசியா நிக்கறவன். இனிமே இந்தக் கம்பெனியில கடைசி ஆள் நான்தான். அந்த இடத்தை எவனுக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்."

மறுநாள் காலை லிஃப்ட் முன்னால் ஒதுங்கி நின்று, எல்லோரும் ஏறிய பிறகே ஏறுவேன் என்றார். எம்.டி. வெளியே நிற்கும்போது உள்ளே போய் நிற்கும் துணிச்சல் யாருக்கு இருக்கிறது? எல்லோரும் படி ஏறினார்கள். எம்.டி. லிஃப்டில் தனியாக, மிகுந்த பணிவோடு மேலே போனார். கூட்ட அறையில் மேஜையின் கடைக்கோடி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அவருக்கு அடுத்த நாற்காலியைப் பிடிக்க விற்பனை மேலாளரும் மனிதவள மேலாளரும் போட்ட போட்டியில் நாற்காலியின் கை உடைந்தது. சொந்தத் தயாரிப்பு என்பதால் அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

இத்தனையையும் வாசல் மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள் வரவேற்பாளர். அவளும் மேஜையும் ஒரே பொருள் என்பதுபோல அவளை 'ரிசப்ஷன்' என்றே கூப்பிடுவார்கள். தொலைபேசிக்குப் பதில் சொல்வது அவள் வேலை. எம்.டி. தூங்கினால் 'மீட்டிங்கில் இருக்கிறார்', சாப்பிட்டால் 'முக்கியமான கலந்துரையாடல்', யாரையும் பார்க்கப் பிடிக்காவிட்டால் 'வெளியூர்'. இதையெல்லாம் பொய் என்று சொல்லக்கூடாது. மனிதவளத் துறையின் விளக்கப்படி இது 'தகவல் மேலாண்மை'. அதில் அவளுக்கு நல்ல அனுபவம்.

பணிவு முற்றினால் அடுத்தது தர்மம்தான். காது கேளாத குழந்தைகளின் பள்ளிக்காக 'கேட்கட்டும் காதுகள்' என்று மூன்று நாள் சைக்கிள் பயணம் ஒன்றை எம்.டி. அறிவித்தார். கம்பெனியின் பங்கு கால்கள். காசு, ஊரிலேயே பெரிய பூட்டுத் தொழிற்சாலை வைத்திருந்த ஒரு வயதானவருடையது. ஒரு நிமிஷம் தாமதமாக வந்த சொந்த மருமகனையே உள்ளே விடாமல் கேட்டைச் சாத்தியவர் அவர்.

"காத்துக்கிட்டிருக்கற அத்தனை குழந்தைக்கும் காதுக் கருவி நான் வாங்கித் தரேன்" என்றார் பூட்டு முதலாளி. "ஒரே ஒரு கண்டிஷன். மூணாம் நாள் நாலு மணிக்குள்ள உங்க டீம்ல நாலு பேரும் பள்ளிக்கூட மைதானத்துல போடற முடிவுக் கோட்டைத் தாண்டணும். மூணு பேர் தாண்டினா செல்லாது. நாலு லீவர் பூட்டுல மூணு லீவர் நகர்ந்தா கதவு திறக்குமா?"

"திறக்காதுங்க" என்று எம்.டி. பணிவோடு ஒப்புக்கொண்டார்.

எம்.டி., விற்பனை மேலாளர், மனிதவள மேலாளர் என்று மூன்று இடங்கள் தாமாகவே நிரம்பிவிட்டன. நான்காவது இடத்துக்கு மனிதவள மேலாளர் ஆழ்ந்து யோசித்தார். "டீம்ல ஒரு லேடி இருந்தாத்தான் சார் போட்டோ நல்லா வரும். நம்ம ரிசப்ஷன் தினமும் சைக்கிள்லதான் வருது. பயிற்சிச் செலவும் மிச்சம்."

அவள் மறுக்கவில்லை. மறுக்க முடியாத காரணம் அவளிடம் இருந்தது. அவளுடைய மகள் அந்தப் பள்ளியில்தான் படித்தாள். வலது காதில் ஒரு பழைய கருவி, நினைத்தபோது விசில் அடிக்கும். இடது காதுக்கு ஒன்றுமில்லை. "இன்னும் ஒரு வருஷம் சும்மா விட்டா அந்தக் காது கேக்கற பழக்கத்தையே மறந்துடும்மா. அப்புறம் கருவி வெச்சும் பிரயோஜனம் இல்ல" என்று தலைமை ஆசிரியை சொல்லியிருந்தார். அதைக் கேட்ட நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை.

கிளம்புவதற்கு முந்தின மாலை, சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை முடிந்து வந்த கணவன், அவளுடைய சைக்கிளுக்கு எண்ணெய் விட்டபடி கேட்டான். "உனக்கு சைக்கிள் ஓட்டறதெல்லாம் ஒரு விஷயமா? ஏன் முகத்தை இப்படி வெச்சிருக்கே?"

"நான் ஓட்டறதப் பத்தி இல்லைங்க. அந்த மூணு பேரும் ஓட்டணுமே."

"பெரிய படிப்பு படிச்சவங்க. ஒரு கோட்டைத் தாண்டத் தெரியாதா?"

மகள் கைகளால் கேட்டாள்: நீ ஜெயிச்சிடுவியா? அவளும் கைகளால் சொன்னாள்: எல்லாரும் ஒண்ணா வருவோம்.

முதல் நாள் காலை, மனிதவள மேலாளர் வகுத்த அணிவகுப்புப்படி பயணம் தொடங்கியது. எம்.டி. கடைசி. இதில் குழப்பமில்லை. குழப்பம், அவருக்கு எவ்வளவு முன்னால் போவது என்பதில். ரொம்ப முன்னால் போனால் எம்.டி.யை விட வேகமானவர் என்ற தப்பெண்ணம் வரும். அது ஆணவம். தப்பித்தவறி அவருக்குப் பின்னால் போய்விட்டாலோ எம்.டி.யை விடப் பணிவானவர் என்று ஆகிவிடும். அது ஒழுங்கீனம். எனவே மேலாளர்கள் இருவரும் எம்.டி.யின் முன் சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால், கழுத்தைத் திருப்பிப் பார்த்தபடியே மிதித்தார்கள். சாலையைப் பார்த்தவள் ரிசப்ஷன் ஒருத்திதான்.

கம்பெனி வாங்கிய புது சைக்கிள்களில் கியர்கள் ஏராளம். அவர்கள் உபயோகித்தது பிரேக்கை மட்டும். வழியில் பையும் கையுமாக நடந்துபோன ஒருவர் அவர்களைக் கடந்துபோனார். வேலையை முடித்துக்கொண்டு திரும்பி வந்தவர், எதிரே அவர்களைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"வண்டி ஏதும் ரிப்பேருங்களா?" என்று கேட்டார்.

"இல்லை. தலைமைப் பண்பு" என்றார் விற்பனை மேலாளர்.

மதியம் ஒரு விபரீதம் நடந்தது. மனிதவள மேலாளரின் டயர் பஞ்சர். அவர் இறங்கி நிற்க, மற்றவர்கள் கடந்துபோய்விட, கொஞ்ச நேரத்துக்கு அணியின் கடைசி ஆள் அவராகிவிட்டார். மேலாளர் ஓட்டமும் நடையுமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தபோது எம்.டி.யின் முகம் சரியில்லை.

"என்ன சார், பின்னாலேயே தங்கிட்டீங்க? கடைசி இடம் அவ்வளவு பிடிச்சிருக்கோ?"

"ஐயோ சார்! பஞ்சர் சார். கனவுல கூட எனக்கு அந்த எண்ணம் இல்லை சார்."

"எண்ணம் இல்லாமலா டயர்ல காத்து போச்சு?"

அன்று முழுக்க மனிதவள மேலாளர் முள்மேல் உட்கார்ந்திருப்பவர் போலத்தான் சைக்கிள் ஓட்டினார். புது சீட்டின் பங்கும் அதில் இருந்திருக்கலாம்.

சாப்பாட்டு நேரத்திலும் இதே கதை. எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகே தான் சாப்பிடுவேன் என்றார் எம்.டி. அவர் சாப்பிடாமல் எப்படித் தொடங்குவது என்று மேலாளர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. ரிசப்ஷனுக்குப் பசி. சாப்பிட்டாள். பொதுக் கூட்டத்தில் மேடையேறிப் படுத்துக்கொண்டவளைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார்கள். கடைசியில் எம்.டி.யின் வயிறு சத்தமாக ஒரு கருத்துத் தெரிவிக்க, "கடைசியா முடிக்கறதுதான் கணக்கு. ஆரம்பிக்கறதுக்கு விதி கிடையாது" என்று பயிற்சியில் சொல்லித்தராத ஒரு திருத்தத்தை அவர் அங்கேயே கொண்டுவந்தார்.

இப்படியே போனால் மூன்றாம் நாள் அல்ல, முப்பதாம் நாள்கூடக் கோட்டைப் பார்க்க முடியாது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. தகவல் மேலாண்மையைக் கையில் எடுத்தாள்.

"சார், அடுத்த டீக்கடையில பத்திரிகைக்காரங்க காத்துக்கிட்டிருக்காங்களாம்."

மூன்று பேரும் பறந்தார்கள். டீக்கடையில் டீ மட்டும் இருந்தது.

"இப்பத்தான் சார் கிளம்பிப் போனாங்க. பாலம் தாண்டினதும் பிடிச்சிடலாமாம்."

பாலம் தாண்டியதும் டிவிக்காரர்கள், அதற்கப்புறம் ஒரு கல்லூரி மாணவர்கள், அதற்கப்புறம் ஓர் அமைச்சரின் சொந்தக்காரர் என்று அவள் வழிநெடுக ஆட்களை நிறுத்திக்கொண்டே போனாள். இல்லாத மனிதர்களை நோக்கி அவர்கள் மிதித்த வேகத்தை, இருக்கிற குழந்தைகளை நோக்கி ஒரு தடவையும் மிதிக்கவில்லை. ஆனாலும் கணக்குச் சரியாக வந்தது. மூன்றாம் நாள், நாலு மணிக்குக் கால்மணி நேரம் பாக்கி இருக்கும்போதே அணி பள்ளியின் வாசலுக்குள் நுழைந்துவிட்டது. அப்பாடா, முடிந்தது என்று அவள் முட்டாள்தனமாகச் சந்தோஷப்பட்டாள்.

மைதானத்தில் சுண்ணாம்பில் வெள்ளைக் கோடு. மேலே பலூன் வளைவு. அந்தப் பக்கம் நாற்காலியில் பூட்டு முதலாளி, கையில் கடிகாரம். அவருக்குப் பக்கத்தில் தலைமை ஆசிரியை, பின்னால் குழந்தைகள், குழந்தைகளுக்கு நடுவில் மகளைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு கணவன். அணியைப் பார்த்ததும் குழந்தைகள் எல்லோரும் இரண்டு கைகளையும் தூக்கி, விரல்களை விரித்து ஆட்டினார்கள்.

எம்.டி. சட்டென்று பிரேக் போட்டார். "என்னது, வேண்டாம் வேண்டாம்கறாங்க?"

"அது கைதட்டல் சார். அவங்க அப்படித்தான் தட்டுவாங்க. போங்க சார்."

ஆனால் நின்றது நின்றதுதான். கோட்டுக்கு ஓர் ஆள் உயரம் இந்தப் பக்கம் நாலு சைக்கிளும் நின்றன. எம்.டி. நிலைமையைப் புரிந்துகொண்டார். பயிற்சி எதற்காக என்பதும் அவருக்கு விளங்கியது. இரண்டு கைகளையும் விரித்தார்.

"நீங்கள்ளாம் தாண்டுங்க. நான் கடைசி."

விற்பனை மேலாளர் கோட்டைப் பார்த்தார். மனிதவள மேலாளரைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே ஞாபகம் வந்தது. 'ஆபீசுக்கு எப்ப வேணும்னாலும் வாங்க, நான் உங்களை நம்பறேன்' என்று முன்பு ஒருமுறை எம்.டி. சொன்னார். அதை ஒரே ஒருவர் நம்பினார். இப்போது அவர் குடை விற்கிறார்.

"நீங்க இல்லாம நாங்க எப்படி சார்?" என்றார் விற்பனை மேலாளர்.

"உங்களுக்கு முன்னால கோட்டைத் தாண்ட எனக்குக் கால் வராது சார்" என்றார் மனிதவள மேலாளர்.

"அட, சும்மா தாண்டுங்க."

"மன்னிக்கணும் சார்."

"நான் மனப்பூர்வமா சொல்றேன்."

"அதனாலதான் சார் பயமா இருக்கு."

ரிசப்ஷனுக்குப் பொறுக்கவில்லை. ஒரே மிதி. கோட்டைத் தாண்டிப்போய் நின்றாள். குழந்தைகளின் கைகள் மறுபடி ஆடின. மகள் அப்பாவின் தோளில் எம்பிக் குதித்தாள்.

"பாத்தீங்களா சார்? இவ்வளவுதான். வாங்க!"

மனிதவள மேலாளரின் முகம் இருண்டது. "ஏம்மா, என்ன இது? மூணு பெரிய அதிகாரிங்க நிக்கும்போது நீ முதல்ல போனா, பாக்கறவங்க என்ன நினைப்பாங்க? திரும்பி வா. வரிசை முடிவானதும் உன்னைக் கூப்பிடறோம்."

"வரமாட்டேன் சார். மணியாகுது!"

"இப்ப நாங்க தாண்டினா, ரிசப்ஷனுக்கு அப்புறம்தான் மேனேஜர்ங்கன்னு ஆயிடும் சார்" என்று விற்பனை மேலாளர் எம்.டி.யின் காதில் கவலைப்பட்டார். அதாவது, முன்பு ஒரு காரணத்துக்காகத் தாண்ட முடியாமல் இருந்தது, இப்போது இரண்டு காரணங்கள்.

தலைமை ஆசிரியை ஓடிவந்து கும்பிட்டார். "ஐயா, யாராவது ஒருத்தர் முதல்ல வந்துடுங்க ஐயா. எல்லாக் குழந்தைங்களும் பாத்துக்கிட்டிருக்கு."

"அதேதான் நானும் சொல்றேன்" என்றார் எம்.டி. "எல்லாரும் பாக்கறாங்க. அதனாலதான் நான் கடைசியா வரணும்."

அவருடைய பணிவு உண்மையானது. அதை யாரும் சந்தேகிக்கக்கூடாது. அதற்குச் சான்று, அவர் அடுத்து செய்த காரியம். சைக்கிளைக் கீழே போட்டார், ஓடினார், மனிதவள மேலாளரின் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினார். மேலாளருக்கு உயிரே போய்விட்டது. இது சோதனையிலேயே பெரிய சோதனை அல்லவா? இரண்டு பிரேக்கையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தார். ரிசப்ஷன் ஓடிவந்து முன்னாலிருந்து ஹாண்டில்பாரைப் பிடித்து இழுத்தாள்.

"பிரேக்கை விடுங்க சார்!"

"விடமாட்டேன்மா! எனக்குக் குடும்பம் இருக்கு!"

"எனக்கும்தான் சார் இருக்கு! அதோ, தோள் மேல உக்காந்திருக்கா!"

"தள்ளறேன் இல்ல? போய்த் தொலைங்களேன்!" என்று எம்.டி. பணிவோடு அலறினார்.

பின்னாலிருந்து தள்ளல், முன்னாலிருந்து இழுப்பு, நடுவில் விசுவாசம். பிரேக் ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. மூன்று நாள் பயணத்தில் எம்.டி.க்கும் மனிதவள மேலாளருக்கும் அவ்வளவு வியர்த்தது அப்போதுதான். விற்பனை மேலாளர் மட்டும் சும்மா நிற்காமல், யாருக்கும் தெரியாமல் தன் சைக்கிளை இரண்டடி பின்னால் நகர்த்திக்கொண்டார்.

பள்ளி மணி அடித்தது. அந்தப் பள்ளியில் மணி என்பது ஒரு சிவப்பு விளக்கு. அது மூன்று முறை மின்னி அணைந்தது.

பூட்டு முதலாளி எழுந்தார். கடிகாரத்தைச் சட்டைப் பையில் போட்டார்.

"ஐயா, ஒரு நிமிஷம்! ஒரே ஒரு நிமிஷம் ஐயா!" அவள் ஹாண்டில்பாரை விட்டுவிட்டு அவரிடம் ஓடினாள். மூச்சு வாங்கியது.

"நீ தாண்டினதை நான் பாத்தேம்மா" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. "மத்த மூணும் நகரலையே. நான் சொன்ன சொல்லை நானே திறந்துவிட்டா, அப்புறம் எவன் என் பூட்டை வாங்குவான்?"

அவர் காரில் ஏறிப் போய்விட்டார். அவரும் ஒரு கொள்கைவாதிதான். அன்றைக்கு அந்த மைதானத்தில் கொள்கைக்குப் பஞ்சமே இல்லை.

அவள் மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள்.

அந்த நேரம் பார்த்து, படம் எடுக்க வந்தவர் கேமராவைத் தட்டிக்கொண்டு குரல் கொடுத்தார். "சார், வெளிச்சம் போகுது. சார் மொதல்ல வாங்க, மத்தவங்க பின்னால வரட்டும்."

எம்.டி. சைக்கிளை நிமிர்த்தினார், முடியைக் கோதினார், கோட்டைத் தாண்டினார். முதல் ஆளாக. பின்னாலேயே விற்பனை மேலாளர், அவர் பின்னாலேயே மனிதவள மேலாளர். ஒரு வாக்குவாதம் இல்லை, ஒரு பிரேக் இல்லை. கண் இமைக்கும் நேரம்கூட ஆகவில்லை. படம் சரியாக வரவில்லை என்று சொன்னபோது, முகம் சுளிக்காமல் திரும்பிப்போய் இன்னொரு தடவையும் தாண்டினார்கள்.

பிறகு பாராட்டு விழா. விழாவை ரத்து செய்ய யாருக்கும் தோன்றவில்லை, மைக்குக்குச் சொல்லி வைத்தாயிற்று. எம்.டி. மேடையேறினார். குழந்தைகளுக்குப் புரிய வேண்டுமே என்று தலைமை ஆசிரியை சுற்றுமுற்றும் பார்த்தார்.

"கைபாஷை நம்ம ரிசப்ஷனுக்குத் தெரியுமே!" என்றார் மனிதவள மேலாளர், மனிதவளத்தைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில். அவள் எம்.டி.க்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"இன்னிக்கு நாங்க ஒரு சாதாரணக் கோட்டைத் தாண்டலை" என்று தொடங்கினார் எம்.டி. "ஆணவம்ங்கற கோட்டைத் தாண்டிட்டோம்!"

ஆணவத்துக்குக் கைகளால் என்ன சொல்வது என்று அவள் தேடவில்லை. 'மாமா சந்தோஷமா இருக்காங்க' என்று சொல்லி வைத்தாள். வேலை போகாமல் இருக்க வேண்டும். பழக்கமும் இருந்தது.

"பணம் இன்னிக்கு வரும், நாளைக்குப் போகும். ஆனா நாங்க காட்டின முன்னுதாரணம் இந்தப் பள்ளியில என்னைக்கும் நிலைச்சு நிக்கும்!"

'மாமா உங்களையெல்லாம் நல்லாப் படிக்கச் சொல்றாங்க' என்றாள் கைகளால்.

எம்.டி. தன் பேச்சே தன்னை உருக்கும் கட்டத்துக்கு வந்துவிட்டார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த குழந்தைகளை ஒவ்வொருவராக விரலை நீட்டிக் காட்டினார். விரல் அவளுடைய மகளிடம் வந்து நின்றது.

"இந்தக் குழந்தையைப் பாருங்க! இந்தக் குழந்தையோட காதுல நாளைக்கு என்ன விழுந்தாலும் சரி, விழாம போனாலும் சரி, அதுக்கு யார் காரணம்? நெஞ்சை நிமிர்த்திச் சொல்றேன். நாங்கதான் காரணம்! நாங்க மூணு பேர்தான்!"

மேலாளர்கள் எழுந்து நின்று கை வலிக்கத் தட்டினார்கள்.

அவள் கைகளைத் தூக்கினாள். குழந்தையை, காதை, விழாமல் போவதை, மூன்று பேரையும் தனித்தனியாக, நிதானமாகச் சொன்னாள். மகளுக்குப் புரிந்ததா என்று பார்த்துக்கொண்டாள். புரிந்திருந்தது.

ஒரு கையும் உயரவில்லை. எல்லாக் குழந்தைகளும் எம்.டி.யையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எம்.டி. மைக்கைக் கையால் மூடிக்கொண்டு அவள் பக்கம் குனிந்தார். "என்ன, ஒருத்தரும் கையை ஆட்டலை? நான் சொன்னதைச் சரியாச் சொன்னியா, இல்ல நீயா ஏதாவது சேத்துட்டியா?"

"இல்ல சார். இது ஒண்ணைத்தான் நீங்க சொன்னபடி அப்படியே சொன்னேன்."